சாமை அறுவடை வரை காத்திருக்கட்டும் கடைசித் தவணை

கொல்லிமலையில் சாமை ஏன் குறைந்தது என்று கேட்டால் மரவள்ளியைக் கைகாட்டுவது வழக்கம். அதில் பாதி உண்மைதான் இருக்கிறது. மரவள்ளியைப் பிடுங்கி லாரியில் ஏற்றினால் சேகோ ஆலை காசு கொடுத்துவிடும். சாமையின் பாடோ அறுவடைக்குப் பிறகுதான் தொடங்குகிறது. உரலில் குத்தி, புடைத்து, உமி போகாததை மறுபடி குத்த வேண்டும். அத்தனையும் பெண்கள் தலையில் விழுந்த வேலை. நல்ல விதை கொடுத்தாலும் விலை கொடுத்தாலும் இந்த முடிச்சு அவிழாது. 1990களின் நடுவில் இங்கே வேலையைத் தொடங்கிய எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை போன்ற நாட்டு ரகங்களைக் காப்பதோடு நிற்கவில்லை. ஊருக்குள்ளேயே சிறு இயந்திரங்கள், அவற்றை நடத்த சுய உதவிக் குழுக்கள், பிறகு விற்பனை என்று வேலையை விரித்துக்கொண்டே போனது.

வேலை எங்கே தேங்குகிறதோ அங்கே கை வைப்பதுதான் டொயோட்டாவில் தாயிச்சி ஓனோ வளர்த்த ‘லீன்’ முறையின் உயிர். 2001இல் அமெரிக்காவின் யூட்டாவில் கூடிய 17 மென்பொருள்காரர்கள் ‘அஜைல்’ என்று பெயரிட்டதும் தூரத்துச் சொந்தமே: சிறிதாகச் செய், பயன்படுத்துகிறவர் கையில் கொடு, அவர் சொல்வதைக் கேட்டுத் திருத்து. சிறுதானிய இயந்திரத்துக்கு இது ஆடம்பரம் அல்ல. சாமைக்குச் சரியாக ஓடுவது பனிவரகுக்கு ஓடாது. வேகம் கூடினால் குருணை, குறைந்தால் உமி. தானியத்தின் ஈரம் மாறினாலும் கதை மாறும். 2011இல் தொடங்கிய கூட்டுத் திட்டமொன்றில் தானம் அறக்கட்டளையும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் கனடிய மென்னோனைட் பல்கலைக்கழகமும் உமி நீக்கும் இயந்திரங்களைத் திருத்துவதற்கென்றே மெனக்கெட்டது இதனால்தான்.

அரசுத் திட்டங்களில் இப்படித் திருத்தித் திருத்திச் செய்வதற்கு இடம் இல்லை. பயன்பாட்டுச் சான்றிதழ் என்ற தாள், ஒதுக்கிய பணம் ஒதுக்கிய காரியத்துக்குச் செலவானதைச் சொல்லும். இயந்திரம் ஓடுகிறதா என்பது அதன் கவலை அல்ல. மார்ச் கணக்கு முடிப்புக்காக அவசரமாக வந்திறங்கும் இயந்திரம், அடுத்த சாமை அறுவடை வரை சோதிக்கப்படாமலே நிற்கும். அதற்குள் கோப்பு மூடப்பட்டிருக்கும்.

பொதுப்பணத்தில் ‘போட்டுப் பார்ப்போம்’ என்று இறங்கலாமா என்று தணிக்கையாளர் கேட்பார். நியாயமான கேள்விதான். ஆனால் ஓடாத இருபது இயந்திரங்களை ஒழுங்கான டெண்டரில் வாங்குவதைவிட, ஓடாத ஒன்றை வாங்கி நிறுத்திக்கொள்வது கணக்குக்கும் நல்லது. எல்லாவற்றுக்கும் இந்த முறை ஒத்துவராது என்பதையும் ஏற்கிறேன்; கொல்லிமலைச் சாலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளைத் திருத்தித் திருத்திப் போட முடியாது, சாலைக்கு முழு வரைபடம் முன்கூட்டியே வேண்டும். மலையில் இவ்வளவு செய்தும் மரவள்ளி பின்வாங்கவில்லையே என்பதுதான் கனமான ஆட்சேபம். பின்வாங்கவில்லைதான். இயந்திரம் குத்தும் பாட்டைத்தான் குறைக்கும், சந்தை விலையை அது தீர்மானிக்காது. அந்தக் கேள்விக்குப் பதில் கொள்முதலில் இருக்கிறது.

அதனால் கேட்பது சிறிய மாற்றம்தான். கொல்லிமலையின் வாழவந்தி நாட்டில் முதலில் ஒரு குழுவுக்கு ஓர் இயந்திரம். இயந்திரம் கொடுத்தவருக்குக் கடைசித் தவணை ஓர் அறுவடை முடிந்த பிறகு, அரைத்த பெண்கள் கையெழுத்திட்டால்தான். அவர்கள் சொல்லும் குறையைத் திருத்தும் செலவும் அதே ஆணையிலேயே இருக்கட்டும்.