51-வது சேலை!

செட்டிநாட்டு வீட்டுக்குள் நுழைந்தால் கண்ணுக்கு விருந்துதான். காலடியில் ஆத்தங்குடிக் கல். அதில் பூவும் இலையும். சுவரில் தேக்குச் சட்டம் போட்ட ரவிவர்மா படம். வீட்டு ஆச்சி கட்டியிருப்பதோ காரைக்குடிக் கண்டாங்கி.

மூன்றிலும் சித்திர வேலை இருக்கிறது. "இது யாருக்குச் சொந்தம்?" என்று கேட்டால் மூன்றுக்கும் மூன்று பதில்!

தலைமுறை தலைமுறையாக வரும் ஆத்தங்குடிப் பூ எவருக்கும் தனிச்சொத்து அல்ல. கண்டாங்கிக்கு 2019-ம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. அது ஊர்ப் பெயருக்குக் காவல். தனி மனிதர் வரைந்த சித்திரத்துக்குக் காவல் அல்ல. ரவிவர்மா 1906-ல் காலமானார். அவர் படங்களின் உரிமைக்காலம் எப்போதோ முடிந்துவிட்டது. இன்று யாரும் அச்சிடலாம்.

ரவிவர்மா 1894-ல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். பிறகு அதைத் தம்மிடம் வேலை பார்த்த ஜெர்மானியர் ஷ்லைஷருக்கு விற்றார். இயந்திரத்தை மட்டும் அல்ல, படங்களை அச்சிடும் உரிமையையும் சேர்த்தே கொடுத்தார். படம் வேறு, அதை அச்சிடும் உரிமை வேறு என்பது அன்றைக்கே தெரிந்த சங்கதிதான்.

வாங்கியது காகிதம்!

அச்சுச் சித்திரம் என்பது என்ன? செம்புத் தகட்டிலோ, மரப்பலகையிலோ, கல்லிலோ உருவத்தை அமைத்து, மை தடவி, காகிதத்தில் ஒவ்வொன்றாக எடுப்பது. மொத்தம் இருபது படி என்று முடிவு செய்தால், மூன்றாவது படியின் அடியில் கலைஞர் 3/20 என்று பென்சிலால் எழுதிக் கையெழுத்துப் போடுவார். இந்தக் கலை செட்டிநாட்டுக்கு அந்நியம் அல்ல. அச்சுச் சித்திரத்தில் பெயர் பெற்ற ஆர்.எம்.பழனியப்பன் 1957-ல் தேவகோட்டையில் பிறந்தவர்.

ஒரு கலைஞர் கண்மாய்க்கரை மயிலைச் செதுக்கி அச்செடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஜவுளிக்காரர் ஒரு படியை ஐயாயிரம் ரூபாய்க்கு வாங்கி வீட்டில் மாட்டுகிறார். அடுத்த மாதம் அதே மயில் அவர் கடைச் சேலையில் தோகை விரிக்கிறது!

"காசு கொடுத்துத்தானே வாங்கினேன்?" என்பார் அவர்.

அவர் வாங்கியது காகிதத்தை. அதைப் பார்த்துப் புதுப்படி எடுக்கும் உரிமை கலைஞரிடமே இருக்கிறது. 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. கலைஞர் வாழும் வரை அவருக்கு. பிறகு 60 ஆண்டுகள் அவருடைய வாரிசுகளுக்கு. மயில் என்ற பறவை யாருக்கும் சொந்தம் அல்ல. இன்னொருவர் வேறொரு மயில் வரையலாம். ஆனால் அந்தக் கழுத்து வளைவும் அந்தத் தோகைக் கோடும் அவற்றைச் செதுக்கியவருக்குத்தான் சொந்தம்.

வாடகையா, கிரயமா?

ஜவுளிக்காரர் முறைப்படி வந்து கேட்டால் இரண்டு வழி உண்டு. அனுமதி, அதாவது லைசென்சு கொடுப்பது வீட்டை வாடகைக்கு விடுவது போல. உரிமையையே மாற்றிக் கொடுப்பது கிரயம் போல. இரண்டும் எழுத்தில் இருக்கவேண்டும். "நம்ம ஆள்தானே" என்று வாய்ச்சொல்லோடு விடுகிறவர்கள்தான் பிறகு வக்கீல் வீட்டுக்கு நடக்கிறார்கள்.

எந்தப் பொருளில் போடலாம், எத்தனை போடலாம், எந்த ஊர்களில் விற்கலாம், எத்தனை நாளுக்கு என்பதெல்லாம் பத்திரத்தில் வரவேண்டும். காலம் எழுதாவிட்டால் சட்டம் 5 ஆண்டு என்று எடுத்துக்கொள்ளும். இடம் எழுதாவிட்டால் இந்தியா முழுவதும்!

பணத்தை மொத்தமாக வாங்கலாம்; சேலைக்கு இவ்வளவு என்றும் வாங்கலாம். ஒரு கணக்குக்குச் சொன்னால், 2,000 ரூபாய்ச் சேலையில் நூற்றுக்கு ஐந்து என்றால் சேலைக்கு 100 ரூபாய். 300 சேலை விற்றால் 30,000 ரூபாய். விற்பனை நன்றாக இருக்கும் என்று நம்புகிறவருக்கு இதுவே லாபம்.

ஐம்பதுக்கு மேல் ஒன்று

பெரிய பள்ளம் இனிமேல்தான் இருக்கிறது.

ஒரு பொருளின் மேல் போடும் வேலைப்பாட்டுக்கு டிசைன் என்று பெயர். அதற்குத் தனிச் சட்டம், தனிப் பதிவு. பதிவு செய்யக்கூடிய டிசைனைப் பதியாமல், அதைப் போட்ட பொருளைத் தொழில்முறையில் 50-க்கு மேல் செய்துவிட்டால், அந்த டிசைனுக்குப் பதிப்புரிமை போய்விடும். 51-வது சேலை மடித்து வைக்கப்படும்போது மயிலின் காவல் நீங்கிவிடுகிறது! கலைஞர் செய்தாலும் சரி, அவர் அனுமதி பெற்ற வியாபாரி செய்தாலும் சரி, கணக்கு ஒன்றே. கைத்தறி என்றால் தப்பிவிடலாம் என்று எண்ணவேண்டாம்; டிசைன் சட்டத்தின் விளக்கத்தில் கைவேலையும் அடங்கும்.

மைக்ரோபைபர்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி இப்படித்தான் தோற்றது. சோபா உறைத்துணியில் தன் சித்திர வேலையை மற்றவர் காப்பி அடித்துவிட்டதாக அது டெல்லி ஐகோர்ட்டில் வழக்குப் போட்டது. டிசைனைப் பதியவில்லை, துணியோ ஐம்பதைத் தாண்டி எங்கோ போய்விட்டது. 2006-ல் வழக்கு தள்ளுபடி. 2009-ல் அப்பீலும் தள்ளுபடி.

காகிதத்தில் இருக்கும் மூலச் சித்திரத்தின் உரிமை இதனால் அழிவதில்லை. தனிக் கலைப்படைப்பு வேறு, அதிலிருந்து எடுத்துத் தொழில்முறையில் பொருளுக்கு ஏற்றிய டிசைன் வேறு என்று 2025 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டும் பிரித்துப் பார்த்தது. ஆகவே மயிலைக் காகிதத்தில் திருடினால் கலைஞர் வழக்குப் போடலாம். சேலைக்குச் சேலை திருடினால், பதிவு இல்லாதவர் கையைப் பிசையவேண்டியதுதான்.

பதிந்துகொண்டால் 10 ஆண்டு பாதுகாப்பு. மனுச் செய்தால் மேலும் 5 ஆண்டு. ஆனால் டிசைன் புதிதாக இருக்கவேண்டும். சேலையைக் கடையில் தொங்கவிட்ட பிறகு போய் "புதிது" என்று சொல்ல முடியாது. முதலில் மனு, பிறகுதான் தறி.

மனுவைச் சென்னை கிண்டியிலுள்ள பேட்டண்டு அலுவலகத்தில் கொடுக்கலாம். இணையம் வழியாகவும் அனுப்பலாம். அதில் உரிமையாளர் என்ற இடத்தில் கலைஞர் பெயர் வருமா, ஜவுளிக்காரர் பெயர் வருமா என்பதையும், பதிவுச் செலவு யாருடையது என்பதையும் லைசென்சுப் பத்திரத்திலேயே எழுதிக்கொள்வது நல்லது.