ஈறுக்கடியில் எஞ்சும் சிமென்ட்

பெங்களூரில் பல் உள்வைப்பு விளம்பரங்கள் 'வாழ்நாள் உத்தரவாதம்' என்று முழங்குகின்றன. உத்தரவாதம் எதற்கு? டைட்டானியம் சொத்தையாவதில்லை, அதைத் தாங்கும் எலும்புதான் கரைகிறது.

செயற்கைப் பல்லை உள்வைப்பின்மீது திருகால் முடுக்கலாம், சிமென்ட்டால் ஒட்டலாம். ஒட்டும்போது பிதுங்கிய சிமென்ட் ஈறுக்கடியில் தங்கினால், அதன் சொரசொரப்பில் பாக்டீரியாக்கள் படலமாகக் குடியேறும். ஆக்சிஜனை வெறுக்கும் போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் போன்றவற்றுக்கு அவ்வாழம் தாய்வீடு. 2009இல் தாமஸ் வில்சன் வெளியிட்ட ஆய்வில், நோயுற்ற உள்வைப்புகளில் 81 விழுக்காட்டில் எஞ்சிய சிமென்ட் காணப்பட்டது. அதை அகற்றியபின் பெரும்பாலானவற்றில் நோய்க்குறிகள் மறைந்தன.

திருகும் குற்றமற்றதன்று, இணைப்பின் நுண்ணிடைவெளியிலும் பாக்டீரியா புகும். ஆயினும் திருகைக் கழற்றித் தூய்மை செய்யலாம். ஒட்டியதைக் கழற்றுவது கடினம். 'எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை' என்பார்க்கு ஒரு சொல்: எல்லாச் சிமென்ட்டும் எக்ஸ்ரேயில் தெரிவதில்லை.

சிமென்ட் முறையையே ஒழிக்கக் கோரவில்லை. உள்வைப்பு சாய்ந்து நிற்குமிடத்தில் அது பயன்படும். எந்த முறை, எந்தச் சிமென்ட், விளிம்பு ஈறுக்கடியில் எவ்வளவு ஆழம் என்பவற்றை நோயாளியிடம் எழுதிக் கொடுங்கள் என்பதே கோரிக்கை. கடன்பட்டுப் பல் கட்டியவருக்கு அவ்வளவேனும் உரிமையுண்டு.