புள்ளி நாய்க்கு வந்த கல்... 38 ஆண்டுகள் காத்திருந்த தீர்வு!

வெள்ளை உடம்பில் கறுப்புப் புள்ளிகள். டிஸ்னி படம் பார்த்த குட்டீஸுக்கு டால்மேஷன் நாயை அறிமுகப்படுத்தவே வேண்டாம். ஆனால், இந்த அழகு நாய்க்குப் பரம்பரையாக ஒரு சிக்கல் உண்டு.

என்ன பிரச்னை?

மற்ற நாய்களின் கல்லீரல், யூரிக் அமிலத்தை எளிதில் கரையும் பொருளாக மாற்றிவிடும். டால்மேஷனுக்கு அந்த அமிலம் கல்லீரல் செல்களுக்குள் சரியாகப் போவதில்லை. சிறுநீரில் அப்படியே வெளியேறுகிறது. சில நாய்களுக்கு அதுவே கல்லாகிறது. ஆண் நாய்க்குச் சிறுநீர்ப்பாதை குறுகலானது. அங்கே கல் அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து!

இனம் முழுக்க எப்படிப் பரவியது?

புள்ளிகள் பளிச்சென்று இருக்கும் நாய்களையே தேடித் தேடி இனப்பெருக்கம் செய்தபோது, இந்தக் குறையும் கூடவே ஒட்டிக்கொண்டிருக்கலாம் என்பது விஞ்ஞானிகளின் கணிப்பு. கடைசியில், குறையில்லாத ஜோடியைத் தேடினால் இனத்துக்குள் ஒன்றுகூட இல்லை என்ற நிலை.

ஒரே ஒரு பாயின்ட்டர்

1973-ல் அமெரிக்க மரபியல் விஞ்ஞானி ராபர்ட் ஷைபிள், டால்மேஷனைப் பாயின்ட்டர் இன நாயுடன் சேர்த்தார். பெற்றோரில் ஒருவரிடமிருந்து நல்ல மரபணு வந்தாலே குட்டிக்குப் போதும். அப்படி நல்ல மரபணு கிடைத்த குட்டிகளை மட்டும் மீண்டும் மீண்டும் டால்மேஷனுடனேயே சேர்த்தார். சில தலைமுறைகளில் தோற்றம் அசல் டால்மேஷன்... சிறுநீரும் நார்மல்!

1981-ல் அமெரிக்கன் கென்னல் கிளப் இரண்டு நாய்களைப் பதிவு செய்தது. 'இது கலப்பினம்' என்று டால்மேஷன் வளர்ப்பாளர்கள் கொதிக்க, அவற்றின் வாரிசுகளுக்குக் கதவு மூடப்பட்டது. 2008-ல் காரணமான மரபணுவை கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். 2011-ல் கதவு மறுபடி திறந்தது. 'சுத்தமான ரத்தம்' என்ற பிடிவாதத்துக்கு, இடைப்பட்ட ஆண்டுகளில் விலை கொடுத்தவை வாயில்லா ஜீவன்கள்தான்.

வீட்டில் டால்மேஷன் இருக்கிறதா?

* எந்நேரமும் குடிக்கத் தண்ணீர் இருக்கட்டும். அடிக்கடி சிறுநீர் கழிக்க வெளியே அழைத்துச் செல்லுங்கள்.

* ஈரல், மத்தி மீன் போன்றவற்றைத் தவிருங்கள். எதைக் கொடுக்கலாம் என்று கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.

* முக்கி முக்கியும் சிறுநீர் சொட்டுச் சொட்டாக வருகிறதா, வரவே இல்லையா? 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று தள்ளிப்போடாமல் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.

* புதிதாகக் குட்டி வாங்குபவர்கள், புள்ளிகளை எண்ணும் முன் தாய், தந்தை நாய்களுக்குக் கல் பிரச்னை வந்ததா, மரபணுப் பரிசோதனை செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள்.