எடைக்குப் போகும் பெயர்கள்

வெள்ளி முலாம் பூசிய பழைய தேக்கரண்டி ஒன்றில் எவ்வளவு வெள்ளி இருக்கும்? அதனைச் சுரண்டி எடுத்து விற்க முற்பட்டால் சுரண்டியவனுக்குக் கூலிகூடத் தேறாது. அடியில் இருப்பது செம்பும் நிக்கலும் துத்தநாகமும் சேர்ந்த கலப்பு உலோகம். தமிழர் 'ஜெர்மன் சில்வர்' என்று வழங்குவது இதனையே. பெயரில் மட்டுமே அது வெள்ளி. எனினும் அக்கரண்டியை விரும்பி வாங்குவோர் உலகெங்கும் உள்ளனர். தம்மிடமுள்ள பதினொன்றுக்குப் பன்னிரண்டாவது துணை தேடி ஆண்டுக்கணக்கில் காத்திருப்போரும் உளர். உலோகம் தராத இந்த மதிப்பை அதற்குத் தந்தது எது? அதனை இனங்காணும் அறிவே தந்தது.

அவ்வறிவு எத்தகையது என்று காண்பது நலம். 1840-இல் பர்மிங்காம் நகரின் எல்கிங்டன் குடும்பத்தார் மின்முலாம் பூசும் முறைக்குக் காப்புரிமை பெற்றனர். அதன்பின் பர்மிங்காம், ஷெஃபீல்டு பட்டறைகளின் கரண்டிகளும் முள்கரண்டிகளும் ஆங்கிலேயர் ஆண்ட நாடுகள் எங்கும் பரவின. மலாயாவின் தோட்டத் துரைமார் பங்களாக்களில் உணவு மேசையை அணிசெய்தவையும் இத்தகையவையே. இவற்றை ஆராய்வோர் முதலில் காம்பின் பின்புறத்தைப் பார்க்கின்றனர். 'இ.பி.என்.எஸ்.' என்னும் நான்கு எழுத்துகள் இருப்பின் அது நிக்கல் கலவைமேல் பூசிய முலாம். நடக்கும் சிங்கத்தின் முத்திரை இருப்பின் அது ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி. முலாம் பட்டறையினர் சிலர், வாங்குவோர் மயங்கும் வண்ணம், வெள்ளி முத்திரை போலவே சிறு கேடயங்களுக்குள் எழுத்துகளைப் பொறித்தனர். அந்த மயக்கத்தையும் தேர்ந்தவர் தெளிகின்றனர்.

அடுத்துப் பார்ப்பது வடிவம். காம்பின் நுனி கீழ்நோக்கி வளைந்தால் 'ஓல்ட் இங்கிலீஷ்'. மேல்நோக்கி வளைந்தால் 'ஹனோவேரியன்'. பிடில் வாத்தியம்போலத் தோள் விரிந்தால் 'பிடில்'. சிப்பி வேலைப்பாடு மிகுந்தால் 'கிங்ஸ்'. வடிவத்தின் பெயர் ஒன்றாயினும் நீளமும் கனமும் சிப்பியின் வரிகளும் பட்டறைக்குப் பட்டறை மாறுபடும். ஆதலால் அளவுகோலும் தராசும் கொண்டு ஒப்பிட்ட பின்னரே ஒன்றை மற்றொன்றுக்குத் துணையாகச் சேர்க்கின்றனர். மறுமுலாம் பூசியதா, முன்னவர் பெயரெழுத்தைத் தேய்த்து அழித்ததா என்பதும் அவர்கள் கண்ணுக்குத் தப்புவதில்லை.

இந்த முறை தமிழுக்குப் புதியதா? உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தது எவ்வாறு? ஊர் ஊராகச் சிதறிக்கிடந்த ஏடுகளைத் தேடி, பிரதிக்குப் பிரதி ஒப்பிட்டு, பிழையை விலக்கி, உரியதை உரியதோடு சேர்த்தே பதிப்பித்தார். இனமறிந்து இணைப்பதில் தமிழருக்கு இத்தகைய முன்னோடி உண்டு. அந்த முறையைத் தம் வீட்டுப் பொருளுக்குத் தமிழர் பயன்படுத்தாததே குறை.

சேலம், திருச்சி, தஞ்சை, வட ஆற்காடு மாவட்டங்களிலிருந்து மலாயாத் தோட்டங்களுக்கு வந்தோர், 1938-இல் இந்திய அரசு அப்பயணத்தைத் தடை செய்யும்வரை, பித்தளைச் செம்பும் குடமும் கும்பாவும் கொண்டு வந்தனர். பின்வந்த தலைமுறையினர் மகளுக்குச் சீராக அண்டாவும் குத்துவிளக்கும் கொடுத்தனர். குடத்தின் கழுத்திலும் கும்பாவின் விளிம்பிலும் சிற்றுளியால் பெயர் வெட்டுவது வழக்கம். குளுவாங், ரெங்கம், கூலாய் வட்டாரத்து லயங்களில் இத்தகைய பாத்திரங்கள் புழங்கின. தோட்டங்கள் கைமாறின, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, சில இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டம் வந்தது. அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்த குடும்பம் அண்டாவை எங்கே வைக்கும்? பழைய சாமான் வாங்குபவர் தராசோடு வருகிறார். வெள்ளியற்ற வெள்ளிக்கரண்டி தன் பெயரால் விலைபோகிறது. பெயர் வெட்டிய பித்தளைக் குடமோ பெயரிழந்து எடைக்குப் போகிறது. ஜொகூர் பாருவில் 1866-இல் எழுந்த இஸ்தானா பெசார் அரண்மனை, பிற்காலத்தில் அரச குடும்பத்தின் பொருள்களைக் காக்கும் அருங்காட்சியகமாயிற்று. துரையின் கரண்டிக்குச் சேகரிப்பாளர் கிடைத்தனர். பால்மரம் சீவிய பெண்ணின் குடத்துக்குக் கிடைத்தது உருக்குலை மட்டுமே.

இதற்கு மறுப்பும் கூறுவர். வறுமையால் விற்பவரைத் தடுக்கலாமா என்பர். தடுக்க வேண்டுவதில்லை. விற்குமுன் அளந்து, எடைபோட்டு, படம் எடுத்து, வெட்டிய எழுத்தைப் படியெடுக்கக் கால்மணி நேரம் போதும். இவை ஆயிரக்கணக்கில் செய்யப்பட்ட எளிய பொருள்கள், இவற்றுக்கு என்ன சிறப்பு என்பர். அக்கரண்டிகளும் இயந்திரத்தில் ஆயிரமாயிரமாய் அச்சிட்டு எடுத்தவையே. 'பாரம்பரியக் கண்காட்சி நடத்துகிறோமே' என்பர் சங்கத்தார். அங்கே காண்பது யாது? புளியிட்டுத் தேய்த்துப் பளபளக்கும் பத்துப் பாத்திரங்களும் 'பழங்காலப் பாத்திரங்கள்' என்னும் ஓர் அட்டையும்! எவருடையது, எந்தத் தோட்டத்தது, எந்த ஆண்டினது என ஒரு சொல்லும் இல்லை. பழைய சாமான் கடைக்கும் அக்கண்காட்சிக்கும் வேறுபாடு பளபளப்பு ஒன்றுதான். அந்தப் பளபளப்புக்காகத் தேய்த்துத் தேய்த்தே எழுத்து மறைந்தது.

இப்பணிக்குத் தமிழாசிரியரைவிடத் தகுதியுடையார் யார்? ஆங்கிலேய வெள்ளி முத்திரையில் ஆண்டைக் குறிக்கும் எழுத்து ஒரு சுற்று முடிந்தபின் மீண்டும் வரும். எழுத்தின் வடிவையும் அதனைச் சூழ்ந்த கேடயத்தின் வடிவையும் கொண்டே எந்தச் சுற்று என்று தெளிவர். தமிழ்ப் பாத்திரத்திலும் அதே சிக்கல் உண்டு. 'பிரபவ வருடம்' என்று வெட்டியிருந்தால் அது 1927ஆ, 1987ஆ? அறுபதாண்டுச் சுற்றில் இரண்டும் பொருந்தும். றா, னா, லை, னை முதலிய எழுத்துகள், 1978-இல் தமிழ்நாட்டு அரசு ஏற்ற சீர்திருத்தத்துக்கு முந்திய வடிவில் உள்ளனவா என்று பார்த்தல் வேண்டும். பழகிய கை பழைய வடிவையே தொடர்ந்து வெட்டியிருக்கக்கூடும். ஆதலால் அது துணைச் சான்று மட்டுமே. பாத்திரத்தின் வடிவமும் குடும்பத்தார் கூறும் வரலாறும் அதனோடு ஒத்து வந்தால் துணிபு பிறக்கும். ஒரே பெயரும் ஒரே கையெழுத்துப் போக்கும் கொண்ட குடம் ரெங்கத்திலும் விளக்கு சிகாமட்டிலும் இருப்பின், அவை ஒரே சீர்வரிசையின் பிரிந்த உறுப்புகளாகலாம். அவற்றை வைத்திருப்போர் ஒருவரையொருவர் அறியாத உறவினராகலாம். மாணவர்க்கு எழுத்திலக்கணமும் வரலாறும் கணக்கும் ஒருங்கே பயிற்ற இதனினும் சிறந்த பாடம் உண்டா?

இதனைப் பொழுதுபோக்கு என்று தள்ளுவோர் ஒன்றை எண்ணிப் பார்க்கட்டும். 1942, 1943 ஆம் ஆண்டுகளில் சயாம்–பர்மா ரயில்பாதை அமைக்க மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழருள் மாண்டோர் பல்லாயிரவர். அங்கே இறந்த நேச நாட்டுப் போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. மாண்ட தமிழர்க்கு முழுமையான பெயர்ப்பட்டியலே இல்லை. அவர்களுள் ஒருவரின் பெயர் எழுத்தாய் எஞ்சியிருக்கும் ஒரே இடம், ஏதோ ஒரு வீட்டின் பரண்மேல் கிடக்கும் செம்பாக இருக்கக்கூடும். அச்செம்பு உருக்குலைக்குப் போகுமாயின் அவர் இரண்டாம் முறை இறக்கிறார்.

ஜொகூரின் ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியும் இதற்கெனத் தடித்த குறிப்பேடு ஒன்றைத் திறக்கட்டும். மாணவர் தத்தம் வீட்டுப் பாத்திரத்தின் பெயரையும் அளவையும் ஊரையும் தோட்டத்தையும் அதில் எழுதட்டும். பள்ளிகள் தம் ஏடுகளை ஒப்பிட்டுத் துணை சேர்க்கட்டும். எழுத்தாளர் சங்கம் அவற்றைத் தொகுத்து அச்சேற்றட்டும். இதற்குப் பெரும்பணம் வேண்டா. எழுதப் படிக்கத் தெரிந்தவர் வேண்டும். அத்தகையோர் பள்ளிதோறும் இருந்தும் தராசுக்காரர் முந்திக்கொள்வாராயின், அந்தப் பழி தராசின்மேல் விழாது.