45 காசு அவநம்பிக்கை

ஐஆர்சிடிசி தளத்தில் ரயில் டிக்கெட் எடுக்கும்போது, பயணக் காப்பீடு வேண்டுமா என்று ஒரு கேள்வி வரும். கட்டணம் ஆளுக்கு 45 காசு. தக்காளி விலையில் ஒரு ரூபாய்க்கு மல்லுக்கட்டுகிறவர்கூட யோசிக்காமல் 'வேண்டாம்' என்று அழுத்திவிட்டுப் போகிறார். கேட்டால், "45 காசுக்கு எவன் பத்து லட்சம் தருவான்? எல்லாம் கண்துடைப்பு" என்கிறார்.

மலிவாக இருந்தால் மோசடியாகத்தான் இருக்க வேண்டுமா? நாள்தோறும் லட்சக்கணக்கானோர் முன்பதிவு செய்கிறார்கள்; விபத்தில் சிக்குவோர் மிகச் சிலர். அதனால்தான் காசுக் கணக்கில் கட்டுப்படியாகிறது. ரயில் விபத்தில் உயிரிழந்தாலோ நிரந்தரமாக முழுதும் முடங்கிப்போனாலோ 10 லட்சம் ரூபாய். நிரந்தரப் பகுதி ஊனத்துக்கு 7.5 லட்சம் வரை, மருத்துவமனைச் செலவுக்கு 2 லட்சம் வரை. ஓடும் வண்டியிலிருந்து தவறி விழுவதும் இதில் சேரும். பயணத்தில் வரும் மாரடைப்பு சேராது. காத்திருப்போர் பட்டியலில் உள்ளவருக்கும் கிடையாது.

"விபத்து என்றால் ரயில்வேயே கொடுக்குமே!" கொடுக்கும். ரயில்வே தீர்ப்பாயத்தில் மனுப் போட்டு, உயிரிழப்பு என்றால் 8 லட்சம் பெறலாம். அது தனி, காப்பீடு தனி. ஒன்று கிடைப்பதால் மற்றது வேண்டாம் என்பது என்ன கணக்கோ!

நல்ல காரியத்துக்குக் கிளம்பும்போது சாவுப் பேச்சு எதற்கு என்பாரும் உண்டு. அவர்கள்தான் பைக்குக்குத் தவறாமல் இன்ஷூரன்ஸ் கட்டுகிறார்கள், போலீஸ் பிடிப்பாரே என்று.

2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பாலசோர் அருகே, சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் விபத்துக்குள்ளானது. 290 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களில் முன்பதிவில்லாப் பெட்டிகளில் வந்த கூலித் தொழிலாளர்கள் பலர். இந்தக் காப்பீடு இணையத்தில் முன்பதிவு செய்பவர்களுக்கு மட்டும்தான். கவுன்ட்டரில் டிக்கெட் வாங்கியவர் கேட்டாலும் கிடைக்காது. ரயில்வேயைத் திட்டுவதென்றால் இதற்காகத் திட்டலாம். கேட்கவே வழியில்லாதவர்கள் நெரிசலில் வருகிறார்கள். கேட்காமலே வாய்ப்புக் கிடைத்தவர்கள் உதறித் தள்ளுகிறார்கள்.

'வேண்டும்' என்று அழுத்தியவர்களிலும் பாதி வேலையோடு நின்றுவிடுகிறவர்கள் உண்டு. டிக்கெட் எடுத்ததும் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து குறுஞ்செய்தி வரும். விளம்பரம் என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். அதிலுள்ள இணைப்பைத் திறந்து நாமினி பெயரை எழுதுங்கள். எழுதாவிட்டால், பணத்துக்காக உங்கள் குடும்பம்தான் வாரிசுச் சான்றிதழுக்கு அலைய வேண்டியிருக்கும்.