சாமி காப்பாற்றுமா, சாட்சியம் காப்பாற்றுமா?

அசோக் நகர்த் தூணடியில் சில இளைஞர்கள் நம்மைப் பார்த்து, "ஊழலைத் துப்பறிந்து எழுதினால் உயிருக்கு யார் பொறுப்பு?" என்றார்கள். நியாயமான கேள்வியேயாகும்.

கவர்னர் மாளிகைப் புகாரின்மீது 2018 அக்டோபர் 9-ந் தேதி நக்கீரன் கோபால் அவர்களைக் கைது செய்தார்களே, எழும்பூர் மாஜிஸ்திரேட் அவரைச் சிறைக்கனுப்ப மறுத்தது எந்தச் சாமியின் கடாட்சம்? வக்கீல்கள் வாதாடினார்கள். "இந்து" என்.ராம் அவர்கள் கோர்ட்டிலேயே பத்திரிகைச் சுதந்திரத்துக்காகப் பேசினார். (அப்பத்திரிகையோடு நமக்குள்ள வழக்கு வேறு.)

2017 செப்டம்பர் 5-ல் பெங்களூரில் தனியே வீடு திரும்பிய கௌரி லங்கேஷ் அம்மையாரோ வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்.

தோழர்களே! தனியே போகாதீர்கள், போகுமிடத்தைச் சொல்லிவிட்டுப் போங்கள். தஸ்தாவேஜுகளுக்கு நகலெடுத்து வேறு வீட்டில் வையுங்கள். கேள்விப்பட்டதையெல்லாம் அச்சிட்டால் புராணிகனுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? குற்றஞ்சாட்டப்படுபவனையும் கேட்டு, அவன் பதிலையும் போடுங்கள். புறப்படுமுன் பார்க்க வேண்டியது ராகுகாலமல்ல. சட்டைப்பையில் வக்கீல் விலாசம் இருக்கிறதா என்பதைத்தான்.