சுருதியில் கலக்கும் மின்சாரம்

பழைய ஒலிநாடாக்களைக் கணினிக்கு மாற்றி ஆம்ப்ளிஃபயர் வழியே கேட்கத் தொடங்கிய நாள்முதல், நம் வீட்டில் ஒரு ரீங்காரம் குடியேறிவிட்டது. ஆலாபனையின் நடுவே பாடகர் மூச்சுவிடும் இடங்களிலெல்லாம் அந்த 'ம்ம்' தலைகாட்டும். நாடாவின் முதுமை என்றே முதலில் எண்ணினோம். பாட்டை நிறுத்திய பின்னும் அது நிற்காதபோதுதான் குற்றவாளி வேறு எங்கோ இருப்பது புரிந்தது.

நம் வீடுகளுக்கு வரும் மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைகிறது. அது ஒலிச்சுற்றுக்குள் கசிந்தால் 50, 100, 150, 200 என்று அதன் மடங்குகளும் கூடவே கேட்கும். பெண் பாடகர் பலர் பாடும் ஐந்து கட்டைச் சுருதியின் ஷட்ஜம் ஏறத்தாழ 196 அதிர்வு. ஒரு கட்டையில் பாடும் ஆண் குரலுக்கோ அதுவே பஞ்சமம். 196-க்குப் பக்கத்தில் 200 நின்றால் என்னவாகும்? சுருதி சேராத இரண்டாம் தம்புராவை எவரோ பின்னால் அமர்ந்து மீட்டுவதைப் போலிருக்கும். மேற்கத்திய ராக் இசையில் இது அமுங்கிப் போகலாம். சுருதியையே தரையாகக் கொண்ட நம் இசைக்கு இது சிறு குறையன்று என்பதே நம் கருத்து.

இதற்கு மருந்தாகக் கடைக்காரர் ஒருவர் நம்மிடம் நீட்டியது பாம்புபோல் தடித்த ஒரு மின்கம்பி. விலை, அரை மாதச் சம்பளம். (தமிழாசிரியரின் சம்பளம் என்பதை வாசகர் நினைவிற் கொள்க.) தெருமுனை மின்மாற்றியிலிருந்து சுவர்வரை சாதாரணக் கம்பியில் வந்த மின்சாரத்தைக் கடைசி ஒரு மீட்டர் எப்படிப் புனிதப்படுத்தும்? ஆம்ப்ளிஃபயருக்குள்ளேயே அதை நேர்மின்னோட்டமாக மாற்றி, கண்டன்சர்களில் தேக்கிச் சமன்செய்துதானே பயன்படுத்துகிறார்கள்? ஜப்பானில் இசைப்பித்தர் சிலர் தம் வீட்டுக்கென்றே தனி மின்கம்பம் நட்டுக்கொண்டதை 2016இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் எழுதியிருந்தது. அந்தப் பித்தின் மீது நமக்கு மரியாதை உண்டு. பின்பற்றும் வசதிதான் இல்லை.

நம் வீட்டுக் கோளாறு கடைசியில் ஒரு ரூபாய் செலவின்றித் தீர்ந்தது. கணினி ஓர் அறையின் பிளக்கிலும் ஆம்ப்ளிஃபயர் அடுத்த அறையின் பிளக்கிலும் இருந்தன. இரண்டின் எர்த்துக்கும் இடையே சிறு மின்னழுத்த வேறுபாடு. அதனால் இரண்டையும் இணைக்கும் ஒலிக்கம்பியின் உறை வழியே மின்சாரம் சுற்றிவந்துகொண்டிருந்தது. இரண்டையும் ஒரே பலகையில் செருகினோம். ரீங்காரம் அடங்கியது.

ஆனால் அதற்கு முன்பு பழுதுபார்க்க வந்த ஒருவர் சொன்ன வழியை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது. "எர்த் பின்னை ஒடிச்சுடுங்க சார், சத்தம் போயிடும்" என்றார். உண்மைதான், போய்விடும். என்றோ ஒருநாள் உள்ளே கம்பி பிய்ந்து உலோகப் பெட்டியைத் தொட்டால், அந்த மின்சாரம் மண்ணுக்குப் போக மிஞ்சும் வழி, அதைத் தொடும் மனிதரின் உடல். பாட்டின் அமைதிக்காக இந்த விலையைக் கொடுப்பவர்கள் நம் நண்பர் வட்டத்திலேயே இருவர் இருக்கிறார்கள். வாடகை வீடுகளிலோ, ஒடிக்கவே தேவையில்லை. மூன்றாம் துளை இருக்கும்; அதன் பின்னால் கம்பி இருக்காது. எர்த் போடும்போது குழியில் கரியும் உப்பும் இட்டு, கோடையில் மண் காயாமல் நீர் ஊற்றிய பழைய வீட்டுக்காரர்களின் அக்கறை, அடுக்கு வீடுகளில் யாருடைய பொறுப்பென்றே தெரியாமல் போயிற்று. கம்பிக்குச் செலவிட நினைக்கும் பணத்தில் ஒரு பங்கை எலக்ட்ரீஷியனுக்குக் கொடுத்து எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

மற்றவை சில்லறை. மின்கம்பியையும் ஒலிக்கம்பியையும் ஒன்றாகக் கட்டிவைக்காதீர்கள். மின்விசிறியின் எலக்ட்ரானிக் ரெகுலேட்டரைச் சற்றே திருப்பிப் பாருங்கள். சில வீடுகளில் கிரீச்சொலி அங்கிருந்தே பிறக்கிறது. 2012இன் மின்வெட்டுக் காலத்தில் மலிவாக வாங்கிய சதுர அலை இன்வெர்ட்டர் இன்னும் உழைக்கிறதென்றால், மின்சாரம் திரும்பும்வரை பாட்டைத் தள்ளிப்போடுவது உத்தமம்.

இப்போது நம் வீட்டில் ஒலிபெருக்கி மௌனமாயிருக்கிறது. அந்த மௌனத்தில் ஒரு பழைய கச்சேரியைப் போட்டபோது, மெல்லிய ரீங்காரம் மறுபடி கேட்டுத் திடுக்கிட்டோம். நிறுத்தினோம், நின்றது. அன்றைய சபாவின் மைக் செட்டு இரைந்தது, நாடாவிலேயே பதிந்திருக்கிறது. அதற்குப் பின்னால், இத்தனை நாள் நமக்குக் கேட்காதிருந்த தம்புராவும்.